நோன்பு திறக்கும் வேளையின் குரல்: ஈரான் நாட்குறிப்பு

முதல் நாள்: மஷ்ஹத்

தோஹாவில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பக்கத்து அறையில் ஓர் ஈரானியப் பொறியாளர் குடியிருந்தார். ரமலான் மாதத்தில், மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு நான்கைந்து நிமிடங்கள் இருக்கும்போது, பேரீச்சம்பழத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கைபேசியில் ஒரே ஒரு ஒலிப்பதிவைத் தவறாமல் போடுவார். கருவி எதுவும் துணைக்கு இல்லாத தனிக் குரல் 'ரப்பனா' என்று மெல்ல எழுந்து, எங்கேயோ மேலே போய் நின்று, அவசரமில்லாமல் இறங்கிவரும். "உங்கள் ஊர் வானொலியில் இது வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். "முப்பது ஆண்டுகள் வந்தது. இப்போது வருவதில்லை" என்றார். பாடியவர் பெயர் முஹம்மத் ரெஸா ஷஜரியான் என்று தெரிந்துகொண்டது அன்றுதான். அவர் பிறந்த ஊருக்கு நான் வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஷார்ஜா வழியாக வந்த விமானம் விடியற்காலையில் இறக்கிவிட்டது. வெளிநாட்டு வங்கி அட்டை எதுவும் இந்த நாட்டில் செல்லாது என்பதால் பயணத்துக்கான முழுத் தொகையையும் பணமாகவே கொண்டுவந்திருந்தேன். நோட்டில் ரியால் என்று அச்சடித்திருக்கும். கடைக்காரரோ ஒரு சுழியை எடுத்துவிட்டுத் தொமான் கணக்கில் பேசுவார். முதல் டாக்சிக்கு நான் நீட்டிய பணத்தைப் பார்த்த ஓட்டுநர், பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பேசாமல் சட்டைப்பையில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

மாலையில் இமாம் ரெஸா தர்காவுக்குப் போனேன். சூரியன் மறையும் நேரத்தில் உயரமான மாடத்தில் நகராக்கள் முழங்க, நீண்ட எக்காளங்கள் ஊதப்பட்டன. நாகூர் தர்காவில் நகரா அடிக்கக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஒலியும் அந்தச் சொல்லும் அந்நியமாகத் தோன்றவில்லை. நம் ஊர் நகராவுக்குப் பெயர் வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

இந்த நகரத்தில் 1940 செப்டம்பர் 23 அன்று பிறந்த ஷஜரியானுக்கு அவருடைய தந்தையே முதல் ஆசிரியர். தந்தை மெஹ்தி ஷஜரியான் குர்ஆன் ஓதும் காரி. ஐந்து வயதுப் பிள்ளையை அருகில் உட்காரவைத்துக் கிராஅத் எனும் ஓதும் முறையைச் சொல்லிக்கொடுத்த அவர், இசையை வீட்டு வாசற்படிக்கு உள்ளே விடவில்லை. பன்னிரண்டு வயதளவில் பையன் மரபிசையைக் கற்கத் தொடங்கியது தந்தைக்குத் தெரியாமல்தான். 1959இல் குராசான் வானொலியில் பாடத் தொடங்கினார்; பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை.

தந்தை தடுத்தார், மகன் மீறினார் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. தாளத்தின் துணையில்லாமல் ஒரு வரியை இழுத்துச் செல்வது, பொருள் முறியாத இடத்தில் மூச்சை நிறுத்துவது, ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து உச்சரிப்பது ஆகிய மூன்றும் கிராஅத்தின் அரிச்சுவடி. பாரசீக வாய்ப்பாட்டின் உயிரும் அவைதாம். இசையை வெறுத்த மனிதர், இசைக்கு வேண்டிய கடினமான பயிற்சியைத் தம் கையாலேயே கொடுத்து முடித்திருக்கிறார்.

இரண்டாம் நாள்: தூஸ்

மஷ்ஹதிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நீண்ட தோட்டத்தின் முடிவில் கவிஞர் ஃபிர்தவ்ஸியின் வெள்ளைக்கல் மண்டபம் நிற்கிறது. 1934இல் திறந்துவைக்கப்பட்டு, 1960களில் உறுதிப்படுத்திக் கட்டப்பட்டது. ஷாநாமா என்ற காவியத்தைப் பாடிய அவரை ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்ய மதகுரு ஒருவர் மறுத்துவிட்டதால் அவருடைய சொந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள் என்பது பழைய நூல்கள் சொல்லும் செய்தி. அந்தத் தோட்டம் இப்போது நாட்டின் புனிதத் தலங்களுள் ஒன்றைப் போல இருக்கிறது.

ஷஜரியானின் கல்லறை இதே வளாகத்தில், கவிஞர் மெஹ்தி அகவான் ஸாலிஸின் கல்லறைக்கு அருகில் இருக்கிறது. நான் போனபோது ஒரு தாயும் மகளும் கல்லின் மேல் பன்னீர் ஊற்றிக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவரும் குனிந்து, விரல் நுனியால் கல்லை மெல்லத் தட்டியபடி ஃபாத்திஹா ஓதினார்கள். உள்ளே உறங்குபவரைக் கதவு தட்டி அழைப்பதுபோல் இருந்தது. இது இங்கே எல்லாக் கல்லறைகளிலும் உள்ள வழக்கமாம். மகளுக்கு இருபது வயது இருக்கலாம். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள்.

புற்றுநோய் வந்திருப்பதை அவர் வெளியில் சொன்னது 2016 நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்தில்தான் என்றாள் அவள். தலைமுடி மழித்த கோலத்தில் காணொளியில் தோன்றி, பதினைந்து ஆண்டுகளாகத் தம்மோடு ஒரு விருந்தாளி தங்கியிருப்பதாகவும் அவரோடு நட்பாகிவிட்டதாகவும் சொன்னாராம். 2020 அக்டோபர் 8 அன்று தெஹ்ரான் மருத்துவமனையில் அவர் இறந்ததும், கொரோனா காலம் என்றும் பாராமல் வாசலில் கூட்டம் கூடியது. தம் கச்சேரிகளின் முடிவில் ரசிகர் கேட்டுக் கேட்டு அவர் பாடிய 'விடியற்காலைப் பறவை' பாட்டை அன்று கூட்டமே பாடியிருக்கிறது. மலிக்குஷ்ஷுஅரா பஹார் எழுதிய அந்தப் பாட்டில், கூண்டிலிருக்கும் பறவையிடம் கூண்டை உடைத்து விடுதலையின் பாட்டைப் பாடு என்று கவிஞர் கெஞ்சுகிறார். இரண்டு நாள் கழித்து உடல் இங்கே கொண்டுவரப்பட்டது.

பக்கத்துக் கல்லறைக்காரரான அகவான் ஸாலிஸ் 1953 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்தைய சோர்வில், 1955இல் குளிர்காலத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். நீ வணக்கம் சொன்னால் பதில் சொல்ல யாரும் தலை நிமிர்த்துவதில்லை என்பது அதன் தொடக்கம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஷஜரியான் அதைப் பாடினார். எழுதியவரும் பாடியவரும் இப்போது சில அடி தூரத்தில் கிடக்கிறார்கள்.

"நீயும் பாடுவாயா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மூன்று ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்கிறாள். "வகுப்பில் பாடுவேன். பெண்கள் மட்டும் இருக்கும் அரங்கில் பாடலாம்" என்றாள். 1979 புரட்சிக்குப் பின் ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாட அனுமதி இல்லை. ஷஜரியானின் மகள் முஜ்கானும் தந்தையோடு மேடையேறிப் பாடியது வெளிநாட்டுக் கச்சேரிகளில்தான். அந்தப் பெண்ணின் தாய் அதுவரை பேசாமல் இருந்தவர், பையிலிருந்து ஒரு மாதுளையை எடுத்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்று மூன்று முறை மறுத்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டாவது மறுப்பிலேயே வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள்: இரயிலில்

மஷ்ஹதிலிருந்து தெஹ்ரானுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். இரவு வண்டி, தொழுகை நேரத்தில் ஒரு நிலையத்தில் நின்று, மக்கள் இறங்கித் தொழுது வந்த பிறகு கிளம்பியது. என் பெட்டியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஷஜரியானுக்காக ஒருவன் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறான் என்றதும், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சியபடி, நள்ளிரவு தாண்டும்வரை எனக்குப் பாடம் நடத்தினார்.

பாரசீக மரபிசையில் தஸ்த்காஹ் எனப்படும் சுர அமைப்புகள் ஏழு உண்டு. அவற்றைச் சார்ந்த ஐந்து கிளைகள் தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் கூஷே எனப்படும் சிறுசிறு மெட்டுகள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். முழு அடுக்குக்கு ரதீஃப் என்று பெயர். மாணவர் இதை ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் வாயிலாகக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும்; மேடையில் ஒப்பிக்கக் கூடாது. கீழ்த்தளத்தில் தராமத் என்ற முகப்புப் பகுதியில் தொடங்கி, கூஷே கூஷேயாக மேலேறி, உச்சத்தில் நின்று, மறுபடி தொடங்கிய சுரத்துக்கு இறங்கிவருவதே பாடகரின் பயணம். அந்த இறக்கத்துக்கு ஃபுரூத் என்று பெயர். "ஏறுவதற்குத் தொண்டை வேண்டும், இறங்குவதற்கு அறிவு வேண்டும்" என்றார் ஆசிரியர்.

இதில் தாளமில்லாமல் பாடுவதே ஆவாஸ். முதலில் இது ஆலாபனை என்றுதான் நினைத்தேன். கேட்கக் கேட்க, நம்முடைய விருத்தத்துக்குத்தான் நெருங்கிய உறவு என்று பட்டது. இராகத்தை அல்ல, ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, சொல்லின் சந்தத்தையே தாளமாகக் கொண்டு பாடுவது; பாடகர் ஒரு தொடரைப் பாடி நிறுத்தக் கருவி அதை எதிரொலித்துப் பதில் சொல்வது; இரண்டிலும் ஒரே அமைப்பு. வேறுபாடு தஹ்ரீர் என்ற குரல் உருட்டலில் இருக்கிறது. குரலை நொடியில் உடைத்து உடைத்துச் சேர்க்கும் அந்த உருட்டலைப் பிருகா என்று சொன்னால் பாதிதான் சரியாகும். பிருகாவில் சுரங்கள் விரைந்து ஓடும். தஹ்ரீரில் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே தொண்டையில் ஒரு சிறு விக்கல்போல் மேல்குரல் தெறிக்கும். இராப்பாடிப் பறவையின் கூவலைக் கொண்டு அதை விளக்குகிறார்கள். ஷஜரியான் பறவைகள் வளர்த்தவர் என்பதை ஆசிரியர் இங்கே சேர்த்துச் சொன்னார்.

என் காதுக்கு இன்னொரு தடையும் இருந்தது. நம் பன்னிரண்டு சுரத்தானங்களில் எதிலும் உட்காராத இடைச்சுரங்கள் இதில் உண்டு. தொடக்கத்தில் அவை சுருதி விலகல்போல் கேட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் ஸேகாஹ் தஸ்த்காஹில் நான்கு வரி முணுமுணுத்துக் காட்டி, அந்த விலகிய இடத்தில் சற்று நேரம் நின்றார். அப்போதுதான் அது விலகல் அல்ல, வீடு என்று புரிந்தது.

நான்காம் நாள்: தெஹ்ரான்

காலையில் நேராக அர்க் சதுக்கம். பழைய வானொலி நிலையம் இங்கேதான் இருந்தது. 1956இல் தாவூத் பீர்னியா தொடங்கிய 'மலர்கள்' என்ற இசைத் தொடர் மரபிசையையும் பழங்கவிதையையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. 1960களின் நடுவில் தலைநகருக்கு வந்த இளம் பள்ளி ஆசிரியர் ஷஜரியான் அந்தத் தொடரில் பாட இடம்பிடித்தார். தம் பெயரில் அல்ல, ஸியாவஷ் பீதகானி என்ற பெயரில். மகன் வானொலியில் பாடுவது மஷ்ஹதில் இருக்கும் தந்தைக்குத் தெரியக் கூடாது.

நேற்று முன்தினம் ஃபிர்தவ்ஸியின் மண்டபத்தில் நின்றவனுக்கு இந்தப் புனைபெயர் சும்மா வந்ததாகத் தோன்றவில்லை. ஷாநாமாவில் ஸியாவஷ் இளவரசன். சிற்றன்னை சுமத்திய பொய்ப் பழியைத் துடைக்கக் குதிரையேறித் தீயினூடே போய்த் தழும்பில்லாமல் வெளியே வருபவன். தந்தையின் முன் தன் தூய்மையை நிரூபிக்க வேண்டிய மகன். பாடகர் அதை நினைத்து வைத்தாரோ இல்லையோ, நான் அப்படித்தான் படித்துக்கொண்டேன். 1970களின் தொடக்கம்வரை அந்தப் பெயர் நிலைத்தது.

புகழ் வந்த பின்பும் அவர் மாணவராகவே இருந்தார் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. ஃபராமர்ஸ் பாய்வரிடம் ஸந்தூர் என்ற தந்திக் கருவியைக் கற்றார். முதுமையிலிருந்த அப்துல்லா தவாமியிடம் போய் வாய்ப்பாட்டு ரதீஃபைப் பாடம் கேட்டார். ஜெர்மனியில் மருத்துவம் படிக்கும்போது பார்வையை இழந்து, பிறகு வாழ்நாளை இசைக்கே கொடுத்த நூர் அலி புரூமந்திடம், முந்தைய தலைமுறைப் பாடகர் தாஹிர்ஸாதேயின் பாணியைக் கற்றார். நஸ்தஅலீக் எழுத்துக்கலையும் பயின்றார். பழைய இசைத்தட்டுகளில் கமருல் முலூக் வஸீரி போன்றோரைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர்கள் மூச்சு விடும் இடத்தைக்கூடப் பதிந்துகொண்டார். அந்தக் கமர் 1924இல் இதே நகரத்தில், லாலேஸார் தெருவின் கிராண்ட் ஹோட்டலில், முகத்திரையில்லாமல் ஆண்களும் இருந்த அவையில் பாடிய பெண். தூஸில் பார்த்த மாணவியை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: தெஹ்ரான்

இசை அருங்காட்சியகத்துக்குக் கிளம்பி, வாசலில் பூட்டைப் பார்த்த பிறகுதான் இன்று வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. ஊருக்கெல்லாம் விடுமுறை. தம் கடைசிக் காலங்களில் ஷஜரியானே ஸுராஹி முதலான புதிய தந்திக் கருவிகளை வடிவமைத்தார் என்பதால், பழைய கருவிகளையாவது பார்த்துவைக்கலாம் என்ற எண்ணம் என் கவனக்குறைவால் போயிற்று.

வெள்ளிக்கிழமை என்பதாலேயே ஷுஹதா சதுக்கத்துக்குப் போனேன். முன்பு இதற்கு ஜாலே சதுக்கம் என்று பெயர். 1978 செப்டம்பர் 8, அதுவும் ஒரு வெள்ளி. கூடியிருந்த மக்கள் மீது மன்னர் ஷாவின் படை சுட்டது. அதைக் கண்டித்து ஷஜரியானும் வேறு பல இசைவாணர்களும் வானொலியிலிருந்து விலகினார்கள். புரட்சி வந்தது. புரட்சிக்காகப் பாடியவர்கள், புரட்சிக்குப் பின் இசைக்கு வந்த நெருக்கடியையும் பார்த்தார்கள்.

அந்த 1980களில் அவர் என்ன செய்தார் என்பதை ஒரே ஓர் இசைத்தொகுப்பின் வழியே சொல்லிவிடலாம். இசையமைப்பாளர் பர்வீஸ் மெஷ்காத்தியானோடு 1985இல் வெளியிட்ட அதன் பெயர் 'பீதாத்'. அது ஹுமாயூன் தஸ்த்காஹில் உள்ள ஒரு கூஷேயின் பெயர். இலக்கணப்படி அதைப் பெயராக வைப்பதில் குற்றமில்லை. ஆனால் பாரசீகத்தில் பீதாத் என்றால் அநீதி. உள்ளே பாடப்பட்டதோ ஹாஃபிஸின் கஸல்: யாரிடமும் நட்பைக் காணோம், நண்பர்களுக்கு என்ன ஆயிற்று? அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த கவிஞரை எந்த அதிகாரி விசாரிக்க முடியும்? புனைபெயருக்குப் பின்னால் நின்று பாடிய இளைஞர், இப்போது கூஷேக்கும் ஹாஃபிஸுக்கும் பின்னால் நின்றார். எந்தக் கவிதையை, எந்தக் காலத்தில், எந்த கூஷேயில் வைக்கிறார் என்பதே அவர் பேச்சு. ஊர் அதைப் பிழையில்லாமல் புரிந்துகொண்டது.

2009இல்தான் அவர் மறைவிலிருந்து வெளியே வந்தார். தேர்தல் முடிவை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களை அன்றைய அதிபர் குப்பை கூளம் என்றார். ஷஜரியான் பேட்டியொன்றில், தம் குரல் அந்தக் குப்பை கூளத்தின் குரல், என்றும் அப்படியே இருக்கும் என்றார். தம் நாட்டுப்பற்றுப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டாம் என்று அரசு ஒலிபரப்பு நிறுவனத்துக்கு எழுதினார். அதன் பிறகு அவருக்குச் சொந்த நாட்டில் மேடை இல்லை. அடுத்த ரமலானிலிருந்து 'ரப்பனா'வும் அலைவரிசையிலிருந்து மறைந்தது. அது 1979இல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பாடிப் பதிந்தது. ஒலிபரப்பும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. தந்தை கற்றுக்கொடுத்த குர்ஆன் வசனங்களைத் தந்தை விலக்கிய இசையில் வைத்துப் பாடிய பதிவு அது. வானொலி அவரைக் கேளாமல் ஒலிபரப்பத் தொடங்கி, அவரைக் கேளாமலே நிறுத்தியது. தோஹாவின் பேரீச்சம்பழத் தட்டுக்கு முன்னால் நான் கேட்டது அந்த நிறுத்தத்துக்குப் பிந்தைய ஒலி.

ஏழாம் நாள்: இஸ்ஃபஹான்

ஆறாம் நாள் முழுவதும் பேருந்திலும் தூக்கத்திலும் கழிந்தது. எழுத ஒன்றும் இல்லை.

இன்று மாலை காஜூ பாலம். இரண்டாம் ஷா அப்பாஸ் 1650 வாக்கில் கட்டியது. கீழே ஸாயந்தே ரூத் ஆற்றில் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் அடியில் செங்கல் வளைவுகள் வரிசையாகப் போகின்றன. இருட்டத் தொடங்கியதும் அங்கே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்: மெக்கானிக் உடையில் ஒருவர், காய்கறிப் பையோடு ஒருவர், கைத்தடியோடு ஒரு பெரியவர். வளைவு குரலைத் தாங்கித் திருப்பித் தரும் என்பதால் பாட விரும்புகிறவர்கள் இங்கே வருவது இஸ்ஃபஹானில் வழக்கம். மேடை இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

கைத்தடிப் பெரியவர் ஒரு தூணில் சாய்ந்து, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஹாஃபிஸை எடுத்தார். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தாழத் தொடங்கிப் படிப்படியாக ஏறினார். உச்சத்தில் தஹ்ரீர் விழுந்தபோது மெக்கானிக் கண்ணை மூடித் தலையாட்டினார். வயது காரணமாக அங்கங்கே குரல் கிழிந்தது. கிழிந்த இடத்தில் அவர் தயங்காமல் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாட்டு முடிந்ததும் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன், தகராறுதான் வந்தது. இறங்கும்போது ஒரு படியைத் தாண்டிவிட்டார், ஃபுரூத் அவசரமாகப் போயிற்று என்றார் காய்கறிப் பைக்காரர். உஸ்தாத் ஷஜரியானே அப்படி இறங்கியிருக்கிறார் என்றார் மெக்கானிக். எந்தப் பதிவில் என்று இவர் கேட்க, அவர் கைபேசியில் தேடத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவன் எனக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

பெரியவர் இருவரையும் பொருட்படுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கைத்தடியை மறு கைக்கு மாற்றி, அதே அடியை முதலிலிருந்து, இந்த முறை சுருதியைக் கொஞ்சம் குறைத்துப் பாட ஆரம்பித்தார். கைபேசியில் தேடிக்கொண்டிருந்தவர் அதை அணைத்துப் பையில் போட்டார்.